கழுவி வைத்த கெக்குகள்

வேலை போன பிறகு என் வீட்டுக்காரர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் கெக் கழுவியதுதான்.

கெக் என்றால் பீர் ஊற்றி வைக்கிற ஸ்டீல் பீப்பாய். முழங்காலுக்கு மேல் உயரம். சுகர் லேண்ட் என்கிற அமெரிக்க ஊரில், எங்கள் வீட்டு கராஜில் நாலு இருந்தன. வேலை இருந்த காலத்தில், இவர் காய்ச்சிய பீரைக் குடிக்க மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டாளிகள் வருவார்கள். எல்லாரும் இவரைப் போலப் பெட்ரோல் எண்ணெய்க் கம்பெனி ஆட்கள். சிக்கன் வறுத்தே எனக்கு இடுப்பு ஒடியும். பீர் வாடையும் பிடிக்காது. அன்றைக்கு மட்டும் இவர் வாய்விட்டுச் சிரிப்பார், அதற்காகப் பொறுத்துக்கொண்டேன்.

வேலை போனது. அப்புறம் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. இவர் தன் ரெஸ்யூமேயை அவர்கள் கம்பெனியில் ஃபார்வர்ட் பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று அவர்களுக்குப் பயம். மளிகைக் கடையில் எங்களைப் பார்த்ததும் அவர்களில் ஒருத்தன் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். என் கண்ணால் பார்த்தேன்.

இவர் புதிதாகப் பீர் காய்ச்சவில்லை. காலி கெக்குகளையே திரும்பத் திரும்பக் கழுவினார். மேலே குழாய் மாட்டுகிற இரண்டு முனைகளையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றுவார். உள்ளே இறங்குகிற நீளக் குழாய்க்குள் பிரஷ் விடுவார். ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் தேய்ப்பார். சுடுதண்ணீரில் பவுடர் போட்டு ஊறவைத்து அலசுவார். கடைசியில் கிருமி மருந்து கலந்த தண்ணீரை ஊற்றிக் குலுக்குவார். நுரை பொங்கி வழியும். அதை அலசக் கூடாதாம், அப்படியே மூடிவிட வேண்டுமாம்.

"சுத்தமாத்தானே இருக்கு? எதுக்குங்க மறுபடியும்?"

"திடீர்னு யாராவது வந்தா?"

"வந்தா என்ன ஊத்துவீங்க? நுரையையா?"

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் அவர்களில் ஒருத்தன் போன் பண்ணினான். இவரோடு காலேஜில் படித்தவன். சனிக்கிழமை வருகிறேன் என்றான். இவர் அன்றைக்கே போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார்.

"அவன் டீம்ல ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்காகத்தான் இருக்கும்."

நானும் நம்பித் தொலைத்தேன்.

வந்தான். காபி குடித்தான். "மச்சான், கராஜ் பக்கம் போலாமாடா?" என்றான். நாலு கெக்கையும் திறந்து மோந்து பார்த்தான்.

"சூப்பரா வெச்சிருக்கடா. நானும் பீர் காய்ச்ச ஆரம்பிச்சிருக்கேன். நம்ம பசங்க இப்பல்லாம் எங்க வீட்லதான் மீட் பண்றாங்க. நீ யூஸ் பண்றதில்லையே, இதை நான் எடுத்துக்கவா?"

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஆள் எப்படி இருக்காருன்னு கேக்க மாட்டீங்களாண்ணா? பாத்திரம் எப்படி இருக்குன்னு பாக்கத்தான் வந்தீங்களா?" என்றேன்.

"ஐயோ சிஸ்டர், அப்படியெல்லாம் இல்ல..."

"நீ உள்ள போ" என்றார் இவர். அவனிடம் இல்லை, என்னிடம்.

நாலையும் இவரே தூக்கி அவன் காரில் வைத்தார். சாயாமல் இருக்க சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடி போன். அந்தத் துரைக்கு முனையைக் கழற்றத் தெரியவில்லையாம். "ஒருதடவை வந்து கிளீன் பண்ணிக் காட்டிட்டுப் போடா" என்றானாம். சனிக்கிழமை மத்தியானம் இவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? போகாதீங்க" என்று கத்தினேன்.

"பசங்க எல்லாரும் இருப்பாங்கடி" என்றார். "பார்த்து ரொம்ப நாளாச்சு."

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார். சட்டைக் கைகள் முழங்கைவரை நனைந்திருந்தன.

"எல்லாரையும் பாத்தீங்களா?"

"அவங்க சாயங்காலம்தான் வருவாங்களாம்."

"உங்களை இருக்கச் சொல்லலையா?"

குனிந்து ஷூவைக் கழற்றினார். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"நாலையும் கழுவிக் கொடுத்துட்டேன்" என்றார்.