அந்தக் கண்ணாடி யாருடையது

கிளமெண்ட் வேலையிலிருந்து வந்ததும் நேராகச் சாப்பிட உட்காரமாட்டார். சட்டைப்பை, பேண்ட் பை இரண்டையும் காலி செய்து சீப்பு, ரயில் பாஸ், கைக்குட்டை என்று மேசைமேல் பரப்புவார். பைத் துணியையும் வெளியே இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் தட்டு. மகள் லவினா இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் தொடங்கிய பழக்கம் அது. ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. விமானத் தொழிற்சாலையில் அப்படி ஒரு ஒழுங்கு என்று லவினா தோழிகளிடம் பெருமையடித்திருக்கிறாள்.

கோலார் தங்கவயலின் பாலகாட் சுரங்கத்தில் இறங்கியவரின் மகன் கிளமெண்ட். சுரங்கம் படுத்த பிறகு, ஊரில் பாதிப்பேரைப்போல அவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடினார். கிடைத்தது விமானத் தொழிற்சாலை. விமானப்படையில் புதிதாகச் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொள்பவர்களுக்காக அங்கே ஒரு ஜெட் உருவாகிக்கொண்டிருந்தது. கற்றுக்குட்டி தப்புப் பண்ணினாலும் அந்த விமானம் அவனைக் கீழே போடக்கூடாது. சுழன்று விழுந்தாலும் மீண்டு நிமிர வேண்டும். அந்தச் சோதனை மட்டும் வருஷக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. உடன் வேலை செய்தவர் கிளாரன்ஸ், பக்கத்து நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கியவரின் மகன். ரயிலில் ஒரே சீட், விமானத்துக்குள்ளும் இருவர் முதுகும் உரசும்.

டூல் கிட் வாங்கும்போது அவரவர் டோக்கனை ஸ்டோரில் கொடுக்க வேண்டும். மாலையில் கிட்டைப் பிரித்துக் காட்டித் திருப்பினால் டோக்கன் கைக்கு வரும். அவரவர் கிட்டை அவரவரே திருப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் இவர்களுடைய அப்பாக்கள் சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும், ஒருவரே எல்லோருடைய விளக்கையும் சேர்த்துத் திருப்பிவிடுவார். மகன்களுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. ரயிலுக்கு நேரமானால் ஒருவர் ஸ்டேஷன் பஸ்ஸை நிறுத்திவைக்க வாசலுக்கு ஓடுவார், மற்றவர் இரண்டு கிட்டையும் திருப்புவார்.

ஒருநாள் மாலை அப்படி ஓடியவர் கிளமெண்ட். திருப்பியவர் கிளாரன்ஸ். இரண்டு கிட்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை, ஸ்டோரிலும் பிரித்துக் காட்டச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பறப்பதற்கு முந்தைய சோதனையில், பின் சீட்டுக்கு அடியில் ஒரு கண்ணாடி கிடைத்தது. எட்டாத ரிவெட்டைப் பார்க்கும், நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி. பக்கத்திலேயே வாலை அசைக்கும் கம்பி. வானத்தில் அது போய்ச் சிக்கியிருந்தால் இரண்டு பேர் உயிர் போயிருக்கும். சோதனை நின்றது, விசாரணை வந்தது. ஸ்டோரில் இரண்டு கிட்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டிருந்ததால் கண்ணாடி யாருடையது என்று தெரியவில்லை.

கிளமெண்ட்டுக்குத் தெரியும். தன் கண்ணாடியை உறையில் செருகினதாக அவருக்கு ஞாபகமே இல்லை.

“ரெண்டு கிட்டும் நான்தான் சார் குடுத்தேன்” என்றார் கிளாரன்ஸ். சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். கிளமெண்ட் தரையைப் பார்த்தார். வீட்டில் லவினாவுக்கு முதல் செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது.

கிளாரன்ஸைக் கழிவுப்பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும்வரை அவர் அந்த விமானத்தைத் தொடவில்லை. கொஞ்ச நாள் அதே சீட்டில் வந்தார். பிறகு வேறு பெட்டி.

வருஷங்கள் கழித்து, கோலார் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில்தான், கண்ணாடி தன்னுடையது என்று கிளமெண்ட் மகளிடம் சொன்னார். ஒருதரம் கிளாரன்ஸைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் போகலாம் டாடி என்று லவினா ஆபீஸ் வேலையைக் காட்டித் தள்ளிப்போட்டாள். தள்ளியது வேலைக்காகத்தானா என்று அவளுக்கே பிற்பாடு சந்தேகம்.

ஒரு ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து போனார்கள். வாசலில் கிளாரன்ஸின் மனைவி டெய்சி நின்றிருந்தாள்.

“இன்னாண்ணா, வழி தெரிஞ்சிதா? நாங்க வூட்டத் தூக்கினு எங்கியும் போவலியே.”

கிளமெண்ட் சிரிக்கப் பார்த்தார். கிளாரன்ஸ் எதிரில் உட்கார, காபி வந்தது. கிளமெண்ட் ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினார், தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசினார், சர்க்கரைக்கு எந்த மாத்திரை நல்லது என்று விசாரித்தார். கப் காலியாகி, அடியில் ஆடை காய்ந்தது. லவினா அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் ஏற்றிவிடும்போது கிளாரன்ஸ்தான் கேட்டார்.

“நம்ம ப்ளேன் சுத்தினு வந்து நிமிந்துச்சாமே?”

“ஆமா. நிமிந்துச்சு.”

அவ்வளவுதான். ஆட்டோ தெரு திரும்பியதும் கிளமெண்ட் தன் சட்டைப்பையைத் தடவினார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் இறந்தார். அடக்கத்துக்குக் கிளாரன்ஸ் வந்திருந்தார். ஒரு பிடி மண் போட்டார். கூட்டம் கலைந்த பிறகும் அவர் போகவில்லை.

“லவினா, கடசியா அப்பா என்னெப் பத்தி எதுனா சொன்னாரா?”

சொல்லிவிடலாம். அந்த மனிதருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் ஈரம் காயாத மண்ணுக்குப் பக்கத்தில் நின்று அப்பாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது? அப்பாவையா, அந்தச் சம்பளத்தில் முடிந்த தன் படிப்பையா?

“ஒண்ணும் சொல்லல அங்கிள்.”

அவர் தலையாட்டினார். கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தின் கேட்டைப் பார்த்து மெதுவாக நடந்தார். லவினா பின்னாலேயே இரண்டடி போய் நின்றுவிட்டாள்.