குசினி ஓட்டைக்கு வெளியே ஒரு டிக்கெட்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஒரு ஐரிஷ் மதுக்கடையின் குசினியில் வேலை செய்கிறேன். வெளியே பார்க்க யன்னல் இல்லை. கடைப் பக்கம் தட்டு நீட்ட ஒரு சதுர ஓட்டை மட்டும் இருக்கிறது. கோடைகாலத்து ஞாயிறுகளில் அந்த ஓட்டையால் சத்தம் வரும். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் கேலிக் கால்பந்து பார்க்க வருவார்கள். அதில் பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தலாம், காலாலும் அடிக்கலாம். கம்பத்துக்கு மேலால் போனாலும் புள்ளி உண்டு.

என்னோடு பாத்திரம் கழுவும் அக்காவுக்கு ஊர் மன்னார். அவவுக்கு அந்த விளையாட்டுப் பிடிக்காது.

"இதென்ன தம்பி, கையாலயும் அடிக்கிறாங்கள், காலாலயும் அடிக்கிறாங்கள். சட்டமே இல்லையோ?"

"இருக்காம் அக்கா. எனக்கும் விளங்கேல்லை."

"உனக்கு விளங்கினது கிழங்கு பொரிக்கிறது மட்டும்."

ஒன்று மட்டும் எனக்கு உடனே விளங்கியது. அவர்கள் பிறந்த மாவட்டத்துக்குத்தான் கத்துவார்கள். எங்கே குடியிருந்தாலும் அது மாறாது. எங்கள் ஊர்க் கழகங்கள் இங்கே கோடையில் விளையாடும்போது எங்கள் ஆட்களும் அப்படித்தான்.

ஓட்டைக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு கிழவர் இருப்பார். கூரை வேலை செய்து ஓய்வு பெற்றவர். என்னோடு ஜெர்மன் கதைப்பார். அவருடைய மாவட்டம் சின்னது. அவர் இளந்தாரியாக இருந்தபோது ஒருமுறை இறுதிப் போட்டிக்குப் போனதாம், பிறகு இல்லை. நான் சொல்லும் வருடம் அது மறுபடி போனது. அரையிறுதியில் வென்றதும் தட்டு வைக்கும் பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து கடையில் டிக்கெட் கதைதான். இறுதிப் போட்டிக்கு டிக்கெட் கடையில் வாங்குகிற சாமான் இல்லை. மாவட்டம் ஊர்க் கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், கழகம் தன் ஆட்களுக்குக் கொடுக்கும். அங்கே ஆள் வேண்டும். கிழவரின் ஊரில் டிக்கெட் பிரிக்கிறவர் அவருடைய சொந்தத் தம்பி. தகப்பனை அடக்கம் செய்த நாளிலிருந்து இருவருக்கும் கதை பேச்சு இல்லை. வீட்டுப் பிரச்சினை.

மற்றவர்கள் விடவில்லை.

"உன்ர தம்பியின்ர கையில முழுக் கட்டும் கிடக்கு. நீ எங்களிட்டைக் கெஞ்சுறாய்."

"அவனிட்டைக் கேக்கிறதுக்கு நான் கூரையில ஏறி விழலாம்."

"ஏறு. நாங்கள் ஏணி பிடிக்கிறம்."

எல்லாரும் சிரித்தார்கள். கிழவரும் சிரித்தார். பிறகு ஓட்டைக்குள் தலையை நீட்டினார்.

"நீ கேள். உன்னில அவனுக்குக் கோபம் இல்லை."

"எனக்கு இங்கிலீஷ் சரியா வராது."

"அவனுக்கும் வராது."

குப்பைத்தொட்டிப் பக்கம் நின்று தம்பிக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் சொல்லித் தந்தது இதுதான்: எனக்கு ஒரு டிக்கெட் வேண்டும், போனுக்கு அனுப்பு, வேறு கதை வேண்டாம்.

எங்கள் வீடுகளில் இரண்டு பேர் கதைக்காமல் இருந்தால் மூன்றாவது ஆள்தான் சொல் கொண்டு போகும். கேட்டதை அப்படியே கொண்டு போகமாட்டோம். முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் கொடுப்போம். எனக்கு வேறு விதம் தெரியாது.

"உங்கட அண்ணை சுகம் கேட்டவர்," என்றேன். "உங்களை நினைச்சுக்கொண்டு இருக்கிறார். ஒரு டிக்கெட் கிடைக்குமோ எண்டு கேக்கச் சொன்னவர்."

 அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.

"சுகம் கேட்டவனோ?"

"ஓம்."

"அப்பிடியெண்டால் டிக்கெட் இருக்கு. வீட்டை வரச் சொல்லு. என்ர மேசையில இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும். குடிச்சு முடிய அவன்ர போனுக்கு அனுப்புறன்."

கிழவரிடம் சொன்னேன். முகம் சிவந்தது.

"நீ அவனுக்கு என்ன சொன்னனீ?"

"நீங்கள் சொன்னதைத்தான்."

பின்னால் அக்கா தமிழில் சொன்னா: "பொய் சொல்லாதை. நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

"அவள் என்ன சொல்லுறாள்?"

"எண்ணெய் கொதிக்குதாம்."

அதற்குப் பிறகு என் போனுக்கு ஓய்வில்லை. தம்பிக்காரர் வேலை நேரத்தில் எடுப்பார். அண்ணன் வருகிறானா என்பார். நான் விமானம் பார்க்கிறார் என்பேன். அது பொய் இல்லை, கிழவர் பார்த்தார். போட்டி நடக்கும் டப்ளின் வரை போக அவருக்கு மனம் இருந்தது. அந்த வீட்டு வாசற்படி ஏறத்தான் மனம் இல்லை. "அது அப்பா எனக்குத் தாறன் எண்ட வீடு. அதுக்குள்ள விருந்தாளி மாதிரி இருந்து தேத்தண்ணி குடிக்க என்னால ஏலாது," என்றார். அதை நான் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் டிக்கெட் போய்விடும். தம்பிக்காரர் அறை கூட்டித் துடைத்துவிட்டதாகச் சொன்னார். அதை இந்தப் பக்கம் சொன்னேன். கிழவர் கதையை மாற்றினார்.

முன்னால் எண்ணெய்ச் சட்டி, பின்னால் பாத்திரத் தொட்டி, பொக்கற்றில் இரண்டு கிழவர்கள். போனை நிறுத்தி வைக்கலாம் என்று நினைத்தேன். ஏலவில்லை. அதை நிறுத்தினால் அவர்களுக்கு வேறு வழி இல்லை.

வெள்ளிக்கிழமை தம்பிக்காரர் எடுத்தார். பக்கத்து வளவுக்காரன் டிக்கெட் கேட்கிறானாம். இன்றைக்குள் முடிவு வேண்டுமாம். அதை முள்ளோடு அப்படியே கிழவரிடம் கொடுத்தேன்.

அவர் கிளாசைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நீயெண்டால் போவியோ?"

"தெரியாது."

"தெரியாதெண்டால் போகமாட்டாய்."

பியர் பாதி கிடக்க எழும்பிப் போனார். சனிக்கிழமை கடைக்கு வரவில்லை. போனும் அடிக்கவில்லை.

"போயிட்டார் போல," என்றா அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று வேலை லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் தட்டை நீட்டியபோது ஓட்டைக்கு வெளியே அவருடைய முழங்கை இருந்தது. மாவட்டத்துச் சட்டை போட்டிருந்தார். ஒருவரும் அவரைப் பகிடி பண்ணவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. நான் மீன் பொரித்தேன்.

அவருடைய மாவட்டம் ஒரு புள்ளியால் வென்றது. கடை குலுங்கியது. மற்ற மாவட்டக்காரரும் வந்து அவரைக் கட்டிப் பிடித்தார்கள். அவர் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

அப்போது என் பொக்கற்றில் போன் அதிர்ந்தது. தம்பிக்காரர் மைதானத்துக்குள் நின்று எடுக்கிறார். சனத்தின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"அவன் அங்கையோ?"

"ஓம்."

"குடு."

கையை ஓட்டையால் வெளியே நீட்டினேன். கிழவர் போனைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. வாங்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

"தம்பி, மீன் கருகுது."

"தூக்குங்கோ அக்கா."

"நீ என்ன செய்யிறாய்?"

கையை இழுக்க ஏலவில்லை. இழுத்தால் அந்தத் தொடர்பை நான் வெட்டினதாக இருக்கும். அக்கா வந்து என்னை இடித்துக்கொண்டு மீன் கூடையைத் தூக்கினா. கிழவர் மெல்லக் குனிந்தார். போனைத் தொடாமல் காதை மட்டும் அதில் வைத்தார். தம்பிக்காரரின் குரல் வரவில்லை. அங்கே சனம் பாடிக்கொண்டிருந்தது. இவர் அப்படியே குனிந்து நின்றார். என் கை வெளியே, நான் உள்ளே. தோள் நொந்தது. மற்றக் கைக்கு மாற்றினால் அவர் காதை எடுத்துவிடுவார் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.