அரைக் கட்டை, அரைக் கட்டையாக

அந்த மழைப் பாட்டின் விசில் காதில் விழுந்தாலே கீபோர்டுக்காரருக்கு முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். பாட்டின் மேல் குற்றமில்லை. வந்த காலத்தில் அது போடு போடென்று போட்டது. முடிதிருத்தும் கடை, பேருந்து, பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, எங்கே போனாலும் அந்த விசிலும் டிரம் மெஷினும்தான். அப்போது அதைக் கேட்டுக் காதலித்தவர்கள் இப்போது மூட்டுவலித் தைலம் தடவிக்கொண்டு ஓட்டலுக்குச் சாப்பிட வருகிறார்கள். வந்ததும் அதையே கேட்கிறார்கள்.

வார நாட்களில் அவர் நகலெடுக்கும் கடையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவார். வார இறுதி மாலைகளில் ஓட்டலின் உணவுக்கூடத்தில் கீபோர்டு. இரண்டும் ஒரே வேலைதான், பழையதை அச்சு அசலாக எடுத்துக் கொடுப்பது என்று கிட்டார்காரர் கேலி செய்வார். கிட்டார்காரரின் பெயர் தாடி. தாடியை மழித்துப் பல காலமாகியும் பெயர் மட்டும் விழவில்லை.

பாடுபவர் கீபோர்டுக்காரரின் அக்கா கணவர். மழைப் பாட்டின் கடைசிச் சரணத்தில் ஓர் உச்சம் உண்டு. அங்கே ஏறி நின்று மூச்சு விடாமல் இழுக்க வேண்டும். அத்தான் அந்த இடத்தில் கையை உயர்த்தினால் மேசைகளில் கரண்டிச் சத்தம் நிற்கும். மற்றக் குழுப் பாடகர்கள் சுருதியை இறக்கிப் பாடுவதைச் சொல்லிச் சிரிப்பார். "அசல் சுருதியில பாடுறவன் நான் ஒருத்தன்தான்" என்று அவர் சொல்லாத வாரமில்லை. அந்த ஒரு பெருமையில்தான் முதுமையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அது உண்மையில்லை என்பது கீபோர்டுக்காரருக்குத் தெரியும். ஒரு குளிர்காலத்தில் அத்தானுக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒருநாள் சமாளிக்கட்டும் என்று இவர் கீபோர்டின் சுருதி மாற்றும் பட்டனை அமுக்கி அரைக் கட்டை இறக்கினார். தொண்டை சரியான பிறகு ஏற்றிவிடலாம் என்றிருந்தார். ஏற்றவில்லை. சில வருடங்கள் கழித்து உச்சத்தில் நரம்பு புடைப்பதைப் பார்த்து இன்னும் அரை. பிறகும் அரை, அதன் பிறகும் அரை. பட்டனை அமுக்கினால் விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும். ஒலி மட்டும் கீழே இறங்கும். அத்தானுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இவர் விரல் எந்தக் கறுப்புக் கட்டையில் தொடங்குகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். அது எப்போதும் அதே கறுப்புக் கட்டைதான். இறக்கியதைக் காட்டும் சின்னத் திரையின் மேல், கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லிப் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. தாடி, கிட்டாரில் கை வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டார். வீட்டில் வானொலி அந்தப் பாட்டைத் தொடங்கினால் அக்கா உடனே அணைத்துவிடுவாள். அதனால் அத்தான் அசலைக் கேட்டும் பல வருடமாயிற்று.

இப்படியே போயிருக்கும். ஓட்டலுக்குப் புது மேலாளர் வந்தார். அந்தக் காலத்து ஹிட் பாடல்களுக்கென்று ஒரு மாலை வைப்போம், பதிவு செய்த அசல் இசையை ஓடவிட்டு அத்தான் பாடினால் போதும் என்றார். கீபோர்டும் கிட்டாரும் இனி வேண்டாம். தாடி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அத்தான் மட்டும் குதூகலமாக இருந்தார்; அசல் வயலின்களோடு, அசல் சுருதியில், அதுவும் அவருடைய பழைய நண்பர்கள் அத்தனை பேர் முன்னால்.

கீபோர்டுக்காரர் சொல்வதா வேண்டாமா என்று தவித்தார். சொல்லாவிட்டால் அத்தான் அத்தனை பேர் முன்னாலும் உடைந்துபோவார். சொன்னால், வேலை போன வயிற்றெரிச்சல் என்பார். நகல் கடையில் தாள் சிக்கிக்கொண்டு இயந்திரம் கத்தியதுகூட அவர் காதில் விழவில்லை. கடைசியில் அக்கா வீட்டுக்குப் போய், சுற்றி வளைத்து, ஓட்டலில் ஓடவிடப்போகும் அந்த ட்ராக்கின் சுருதி கொஞ்சம் அதிகமோ என்று ஆரம்பித்தார்.

அத்தான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன் மச்சான், உன்னை விட்டுட்டாங்கன்னு வயிறு எரியுதா?"

எதிர்பார்த்த வார்த்தைதான். இருந்தாலும் உள்ளே போய்க் குத்தியது. மறுநாள் கீபோர்டைச் சுமந்துகொண்டு அக்கா வீட்டு மாடியேறினார். முழங்கால் ஒவ்வொரு படியிலும் முனகியது. கூடத்து மேசையில் வைத்து, பிளாஸ்திரியை உரித்தார். பட்டனை அசல் இடத்துக்குக் கொண்டுவந்து விசிலை வாசித்தார்.

அத்தான் வேண்டாவெறுப்பாகப் பாடத் தொடங்கினார். பல்லவியிலேயே குரல் இறுகியது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். சரணத்துக்குப் போகவே இல்லை. கீபோர்டுக்காரர் பட்டனை அமுக்கி, வழக்கமான இடத்துக்கு இறக்கி, அதே கறுப்புக் கட்டையில் தொடங்கினார். குரல் தன் பாட்டுக்கு வந்தது. உச்சத்துக்கு முன்பே அத்தான் நிறுத்திவிட்டார். பிளாஸ்திரி போன திரையில் தெரிந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?"

"ரெண்டு கட்டை."

"எப்பலேருந்து?"

"அந்தத் தொண்டைக்கட்டுலேருந்து அத்தான். மெல்ல மெல்ல."

"தாடிக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படிச் சேர்ந்து வாசிப்பாரு?"

அத்தான் சமையலறைப் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "நீங்க பாடுறதெல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். இனி அந்த மேடையில் ஏற மாட்டேன் என்றார். கீபோர்டுக்காரருக்கு அலுப்பாக இருந்தது. சொல்லாமலே விட்டிருந்தால் இவ்வளவு அலுப்பு இல்லை.

"ஏறுங்க அத்தான். ட்ராக்கை இறக்குறது ஒரு நிமிஷ வேலை. சவுண்டுக்காரர்கிட்ட ரெண்டு கட்டைன்னு சொன்னா கம்ப்யூட்டர்லயே இறக்கிடுவாரு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தன்னால் மட்டும் ஆகும் என்று இத்தனை காலம் கட்டிக் காத்த வேலையை வேறு யாரும் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம்.

"நானே போய்க் கேக்கணுமா?" என்றார் அத்தான்.

"நீங்கதான் கேக்கணும்."

அந்த ஹிட் பாடல் மாலையில் கீபோர்டுக்காரர் முதல்முறையாக ஓட்டலில் ஒரு மேசையில் உட்கார்ந்தார். எதிரில், கீபோர்டு நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி. விசில் எழுந்தது. கீழே இறக்கியதில் அசல் வயலின்கள் கனத்து, தூக்கக் கலக்கத்தில் வாசிப்பவை போல ஒலித்தன. பக்கத்து மேசைக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை; வழக்கமான இடத்தில் கை தட்டினார்கள். இவர் விரல்கள் தொடையின் மேல் பழைய கட்டைகளைத் தேடின. தேடியபோதுதான் காது பிடித்தது: இது இரண்டு கட்டை இல்லை. இன்னும் அரைக் கட்டை கீழே.

அத்தானே கேட்டு வாங்கியிருக்கிறார்.

கடைசிச் சரணம் வந்தது. அத்தான் கையை உயர்த்தவில்லை. மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உச்சத்தில் சாதாரணமாக நின்றார். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. கீபோர்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த அரையை நாமே போன வருடம் இறக்கியிருக்கலாம், பாவம், வீணாகச் சிரமப்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.