விமானத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

நான் இருக்கும் நியூசிலாந்துத் தெருவில் ஒரு வேடிக்கை, பிள்ளைகளே. பக்கத்து வீட்டு கிரகாமின் கார் மழையில் நனைந்துகொண்டு நிற்கும். கார் நிற்க வேண்டிய ஷெட்டுக்குள் விமானம் நிற்கும். பலகை அறுத்து, குழாய் வளைத்து அவரே கட்டியது. இரண்டு பேர் உட்காரலாம். போன தடவை பறந்தபோது கடகடவென்று உதறி, உள்ளே புகைநாற்றமும் வந்துவிட்டதாம். “இந்த ஞாயிறு இன்னும் ஒரே தடவை வருவேன். உதறினால் அதோடு சரி” என்று அவர் மனைவி ஜோன் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் கிரகாம் என்னைக் கூப்பிட்டார்.

திண்டிவனத்தில் நான் பஸ் சைலன்சருக்கு வெல்டிங் பற்றவைத்தவன். “அண்ணே, ஜல்தி! விழுப்புரம் ட்ரிப்பு நிக்குது, ஜனங்க திட்டிக்கினு இருக்காங்க” என்று டிரைவர் தலைமேல் நிற்பார். ஓட்டையை அடைத்து அனுப்பிவிடுவேன். இங்கே அவசரமே இல்லை. புகைக்குழாயில் சாம்பல் கோடு ஓடிய இடத்தில்தான் விரிசல். புகை உள்ளே கசிந்தால் ஆகாயத்திலேயே ஆளை மயக்கிவிடும். கழற்றி, தேய்த்து, நிதானமாகப் பற்றவைத்தேன். அடுத்தது ப்ரொப்பெல்லர், விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி. அதன் நடுத்துளையில் கம்பியைச் செருகி, இரண்டு கூரான விளிம்புகள்மேல் வைத்தோம். கனமான இறக்கை கீழே சாயும். லேசான பக்கம் வார்னிஷ் பூசிப் பூசி, தராசு மாதிரி நேராக நிற்க வைத்தோம்.

அன்று மாலை நம் மலர் போனில் கேட்டாள்: “அப்பா, இங்க ஆயுத பூஜை. உன் ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வெச்சிக்கினு இருக்கோம். நீ ஏரோப்ளேனுக்கு வெச்சியாப்பா?”

வைக்காமல் இருப்பேனா? நீங்கள் அனுப்பிய சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கைக்கு எட்டிய ப்ரொப்பெல்லர் இறக்கையின் நுனியில் அப்பி, மேலே குங்குமம் வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் போனால் ப்ரொப்பெல்லர் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. கிரகாம் சந்தனத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

“மர ஓட்டை அடைக்கும் பட்டியைத் தப்பான பக்கம் பூசிவிட்டாயே?”

“பட்டி இல்லை, பூஜை.”

“உங்கள் பூஜை நல்ல கனம்!” என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. சுரண்டி எடுத்ததும் ப்ரொப்பெல்லர் நேரானது.

“நடுவில் வை. அங்கே வைத்தால் சாயாது” என்றார். நடுவில் ஜோனே பொட்டு வைத்தார்.

ஞாயிறு இருவரும் பறந்து வந்து இறங்கினார்கள். ஜோன் கதவைத் திறக்கவில்லை. விரலால் மேலே காட்டினார்: இன்னொரு சுற்று! விமானம் திரும்பி என்னைப் பார்த்து நின்றது. சுழன்ற வேகத்தில் ப்ரொப்பெல்லர் இறக்கைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. நம் வீட்டுப் பொட்டு மட்டும் நடுவில் அசையாமல் தெரிந்தது. பிறகு அதுவும் மேலே போனது. நான் கீழே நின்று கையாட்டினேன்.