நாலு பேரில் நடுவுள்ளவள்

பாட்டிக்குக் கணக்கு வராது என்பது அந்த வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பெற்றது நாலு பிள்ளைகள். அதில் இரண்டாவதாகப் பிறந்த மகளை 'நடுவுள்ளவ' என்றுதான் கூப்பிடுவாள். அந்த மகளின் மகள்தான் பேத்தி.

"நாலு பேருக்கு நடுவு எங்கேருந்தும்மா வரும்? அரை ஆள் எதுவும் பெத்தியா?" என்று சின்ன மாமா சீண்டுவார்.

பாட்டி நிமிர்ந்து பார்க்க மாட்டாள். "எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதாண்டா" என்பாள். கையில் குரோஷா ஊசி ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கு வராதவளைத்தான் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் இருபத்தாறு வருஷம் வைத்திருந்தார்கள். வெளுத்து வரும் விரிப்புகளை எண்ணி, கிழிசலை ஒதுக்கி, வார்டு வார்டாகப் பிரித்துக் கொடுக்கும் வேலை. ஐந்து ஐந்தாகத்தான் அடுக்குவாள். ஒன்று, இரண்டு என்று எண்ணும் பழக்கம் இல்லை. "பெரியவன், ம், நடுவுள்ளவ, சின்னவன், கடைக்குட்டி" என்று சொல்லி முடித்தால் ஓர் அடுக்கு ஆயிற்று. கூட வேலை செய்தவர்கள் சிரித்தால், "நடுவுல யாராவது கூப்பிட்டா நம்பர் மறந்துடும். பெத்தது மறந்துடுமா?" என்பாள். நாலு பிள்ளைகளை வைத்து ஐந்து எண்ண வேண்டுமே, அதற்காக ஒரு 'ம்' போட்டுக்கொள்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேத்தியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

துணி மூட்டைகள் தடித்த பருத்தி நூலால் கட்டப்பட்டு வரும். மற்றவர்கள் அறுத்து எறிவதைப் பாட்டி அவிழ்த்துச் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவாள். அந்த நூலால் வீட்டில் ஒரு சாமான் விடாமல் எல்லாம் ஆடை உடுத்திக்கொண்டது. தொலைபேசிக்குப் பாவாடை. ரேடியோவுக்குத் திருகு வெளியே தெரியும்படி ஒரு சட்டை. தண்ணீர் பாட்டிலுக்கும் கதவுக் குமிழுக்கும் தொப்பி. வீட்டுக்கு வந்தவர்களிடம் சின்ன மாமா, "இங்க ரொம்ப நேரம் அசையாம உக்காராதீங்க. எங்கம்மா உங்களுக்கும் ஒரு உறை போட்டுடுவாங்க" என்று எச்சரிப்பார்.

எல்லாவற்றிலும் ஒரே பின்னல்தான். ஒரு கண்ணி, ஒரு ஓட்டை, மூன்று கண்ணி. மறுபடியும் ஒரு கண்ணி, ஒரு ஓட்டை. தூசி உள்ளே போக வழி வைத்திருக்கிறாள் என்று அதற்கும் கேலி உண்டு.

பேத்திக்கு ஓட்டைகளை மூடுவதுதான் பிழைப்பு. தெருமுனைச் சலவைக் கடையின் உட்புற அறையில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டார்னிங் செய்கிறாள். எலி கடித்த கால்சட்டை, ஆணியில் மாட்டிக் கிழிந்த சட்டை, சிகரெட் நெருப்புப் பட்ட கோட்டு எல்லாம் அவளிடம் வரும். அந்தத் துணியிலிருந்தே இழை உருவி, கிழிந்த இடத்தில் மேலும் கீழுமாக ஓட்டி, நெய்த மாதிரியே ஆக்கிவிடுவாள். வாங்கிப்போக வந்தவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கேம்மா ஓட்டை இருந்துச்சு?" என்று கேட்கும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போகும். மற்றபடி பேச்சு குறைவு. "வாயில்லாப்பூச்சி, ஆனா கை மட்டும் எட்டூருக்குப் பேசும்" என்று கடைக்காரர் சொல்வார்.

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். கண்பார்வை அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது வரைதான் தெரியும். பல வருஷமாக அவள் ஒரு வெள்ளைப் பின்னல் போர்வையின் ஓரத்தை விரலால் வருடிக்கொண்டேதான் தூங்குவாள். தோளிலிருந்து மடிவரை வரும் போர்வை அது. அதை வார்டுக்குக் கொண்டுபோனபோது வாசலிலேயே தடுத்தார்கள். வீட்டுத் துணிக்கு அனுமதி இல்லை.

"சட்டம் சட்டந்தான். நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்" என்றாள் பாட்டி. ஆனாலும் அவள் விரல்கள் ஆஸ்பத்திரி விரிப்பின் மேல் எதையோ தேடிக்கொண்டுதான் இருந்தன.

போர்வையை வீட்டுக்குத் திரும்பத் தூக்கிவந்த பேத்திக்கு அப்போதுதான் அதைச் செப்பனிடும் யோசனை வந்தது. ஒரு மூலை கட்டில் கம்பியில் மாட்டி உண்மையாகவே கிழிந்திருந்தது. அதைச் சரிசெய்யக் கடைக்கு எடுத்துப்போனாள். கிழிசல் சரியானதும் மற்ற ஓட்டைகள் கண்ணை உறுத்தின. வரிசைக்குப் பன்னிரண்டு, முப்பது வரிசை. பாட்டி திரும்பி வரும்போது குளிர் புகாத முழுப் போர்வையாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பாட்டியின் நூல் கண்டிலிருந்தே நூலை எடுத்து, பழைய வெள்ளைக்கு ஒத்துப்போக டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்தாள். கடை வேலைக்கு நடுவே நாளுக்குப் பதினெட்டு, இருபது என்று அடைத்துக்கொண்டே வந்தாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்கிட்ட குடுத்தா மீன் வலையையும் வேட்டியாக்கிடுவ போல" என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பாட்டியை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்தார்கள். எழுந்து நடப்பது இனி இல்லை, இருக்கும் நாளை வீட்டில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேத்தி போர்வையைப் போர்த்தி, ஓரத்தை எடுத்துப் பாட்டியின் கையில் வைத்தாள். சொல்லாமல் காத்திருந்தாள்.

பாட்டியின் விரல் ஓரத்தில் நகர்ந்தது. உதடு அசைந்தது. "பெரியவன்..."

விரல் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது. இன்னொரு பக்கத்து ஓரத்தை இழுத்துத் தடவினாள்.

"இது என்னோடது இல்ல" என்றாள்.

"உன்னோடதுதாம்மா. உன் பேத்தி ஓட்டையெல்லாம் தைச்சு வச்சிருக்கா, பாரேன். மூணு வாரமா கண்ணு பூத்துப்போச்சு அவளுக்கு" என்றாள் பேத்தியின் அம்மா.

"தைச்சுட்டாளா?" பாட்டியின் குரலில் கோபம் இல்லை. "அப்போ அவ எங்க?"

"யாரும்மா?"

"உனக்கு மூத்தவ."

அம்மா பேத்தியைப் பார்த்தாள். மருந்து மயக்கம் என்று கையால் ஜாடை காட்டினாள். பாட்டிக்கு அந்த ஜாடை தெரிய வழியில்லை.

"பதினோரு நாள் இருந்தா. பேரு வைக்கல. பேரு இருந்தாத்தானே சொல்லிக் கூப்பிட? உங்கப்பா, இனி இந்தப் பேச்சே வேண்டாம்னுட்டார். சரின்னு நானும் பேசல. அவ இடத்த மட்டும் விட்டு வச்சேன்." போர்வையை மார்பிலிருந்து மெல்லத் தள்ளினாள். "வேணாம், எடுத்துடு. இதுல அவ இல்ல."

அம்மா கூடத்துக்குப் போய்ப் பெரிய மாமாவுக்குப் போன் செய்தாள். அவர் அவளை முழுவதும் சொல்லவிட்டார். பிறகு, "ஆமா. எனக்கு நாலு வயசு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு. சொல்லாம இருந்து இருந்து, நடந்துச்சான்னே சந்தேகமாப் போச்சு" என்றார்.

மறுநாள் பேத்தி வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் போர்வையை ஜன்னல் ஓரம் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடைத்ததைப் பிரிக்க வேண்டும். ஆனால் எது பாட்டியின் நூல், எது தன் நூல் என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தனை சுத்தமாகச் செய்திருந்தாள். தப்பான இழையை வெட்டினால் பாட்டியின் பின்னலே அவிழ்ந்து ஓடிவிடும். கையில் கத்தரியோடு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவளின் வாய், தன்னையறியாமல் முணுமுணுத்தது. "பெரியவன், ம்..." அந்த 'ம்' விழுந்த இடத்தில் முனையை நுழைத்தாள். டீக்கறை நூல் தனியே வந்தது. பின்னல் அசையவில்லை. ஒரு சின்ன வாசல் திறந்துகொண்டது.

அன்று மதியத்துக்குள் ஓரத்து வரிசையின் பன்னிரண்டையும் திறந்துவிட்டாள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஓரத்தைக் கொண்டுபோய்ப் பாட்டியின் கையில் வைத்தாள்.

விரல் நகர்ந்தது. முதல் கண்ணியைத் தாண்டியது. ஓட்டைக்குள் விரல் நுனி இறங்கியது, அங்கேயே நின்றது.

"ம்" என்றாள் பாட்டி.

"பாட்டி, எனக்குத் தெரியாது பாட்டி" என்றாள் பேத்தி.

"எங்க தெரியும்? நான் சொல்லவே இல்லியே." பாட்டி அவள் கையைத் தேடிப் பிடித்து, அதையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "கண்ணு தெரிஞ்சவங்களுக்கு அது வெறும் ஓட்டைதான். விடு."

அதன் பிறகு பாட்டி போர்வையை விடவே இல்லை. மற்ற வரிசைகளைப் பிரித்துத் தருகிறேன் என்று பேத்தி இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தாள். "திரும்பவும் தூக்கிட்டுப் போகாதே" என்று பாட்டி ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆறு நாள். ஆறாம் நாள் பிற்பகல், அம்மா மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது, விரல் ஓட்டை ஒன்றில் நின்றது, நகரவில்லை. எண்ணிக்கையின் நடுவில் எப்போதும் வரும் நிறுத்தம்தான் என்று அம்மா அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போனபின் வீட்டில் தொலைபேசியும் ரேடியோவும் பாட்டில்களும் தத்தம் உடுப்போடு அப்படியே இருந்தன. சின்ன மாமா ரேடியோவின் சட்டையை நீவிவிட்டுக்கொண்டே, "நடுவு எங்கேருந்து வரும்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்" என்றார்.

பேத்தி ஜன்னலோரம் போர்வையை விரித்தாள். இன்னும் இருபத்தொன்பது வரிசை அடைபட்டுக் கிடந்தது. தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. அவள் கத்தரியை எடுத்தாள்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் எண்ணுறேன், நீ பிரி" என்றாள்.

போர்வையின் மேல் விரலை வைத்தாள். தம்பியும் தங்கையும் 'அக்கா' என்று கூப்பிட்டே வளர்ந்தவள். அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு யாரும் இருந்ததில்லை.

"பெரியவன்" என்றாள். விரல் அடுத்த இடத்துக்குப் போனது.

"அக்கா."

பேத்தி கத்தரி முனையை அந்த இடத்தில் நுழைத்தாள்.