வெயிலில் பார்த்தால்தான் சிவப்பு

எடப்பாடியில் ஒரு சாயப்பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கலர் மாஸ்டராக இருக்கும் குமரகுருவுக்குச் சிவப்பில் மட்டும் பதினொரு வகை தெரியும். இந்த ஞானத்தை உலகம் போதுமான அளவு மதிக்கவில்லை என்ற வருத்தமும் உண்டு. ஆகவே, எல்.கே.ஜி.யில் சேர நிறங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதும், மூன்றரை வயது மகள் நித்யஸ்ரீயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். "நீ இதுல தலையிடாத. இது நம்ம துறை" என்று மனைவி அகல்யாவிடம் அறிவித்தும்விட்டார்.

அகல்யா ஏற்கெனவே தக்காளியைக் காட்டி "செவப்பு" என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். குமரகுரு அந்தப் பாடத்தை ரத்து செய்தார்.

"எந்தத் தக்காளி? செங்காயா, பழமா? பொத்தாம்பொதுவாச் சொல்லிக்கொடுத்தா புள்ள நாளைக்கு எப்படிப் பொழைக்கும்?"

பட்டறையிலிருந்து சாயம் தோய்த்த நூல் கழிகள், கற்றை கற்றையாக, வந்து கொடியில் தொங்கின. அரக்கு, குங்குமம், மாதுளை, செங்கல். பத்து நாள் பாடத்தில் மகள் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: அப்பா எந்தக் கழியையும் டியூப்லைட் வெளிச்சத்தில் நம்ப மாட்டார். எச்சில் தொட்டுத் தேய்த்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில்தான் பார்ப்பார்.

சேர்க்கை நாளன்று மிஸ் ஒரு சிவப்பு அட்டையை நீட்டினார். "இது என்ன கலர், பாப்பா?"

நித்யஸ்ரீ விளக்கை அண்ணாந்து பார்த்தாள். விரலில் எச்சில் தொட்டு அட்டையின் மூலையைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தாள். பிறகு அட்டையோடு வெளியே நடந்தாள்.

"ஏனுங்க, பாப்பா எங்க போகுது?" என்றார் மிஸ்.

"வெயிலுக்குங்க." குமரகுருவுக்குப் பெருமை தாங்கவில்லை. "உள்ள வெச்சுப் பாத்தா ஷேடு ஏமாத்திப்போடும்."

இந்த ஒரு இடத்துக்காக விண்ணப்பம் வாங்க விடிகாலையிலேயே வரிசையில் நின்ற அகல்யா, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூவரும் பின்னால் போனார்கள். முற்றத்தில் அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்த நித்யஸ்ரீ தீர்ப்புச் சொன்னாள்.

"செவப்பு."

மிஸ் டிக் அடிக்கப் பேனாவைத் திறந்தார். குமரகுரு அந்நேரம் தும்மியிருந்தால்கூடப் போதும், பிழைத்திருப்பார். பேசினார்.

"சாமி, நல்லாப் பாரு. கொஞ்சம் ஆரஞ்சு அடிக்குதுல்ல?"

பேனா நின்றது. அகல்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"செவப்புதாம்ப்பா," என்றாள் மகள், பட்டறை ஆட்களிடம் அவர் பேசும் அதே குரலில். "நீ அக்கட்டால போய் நில்லு."

இடம் கிடைத்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் பாப்பாவை அம்மாவே கொண்டுவந்து விட்டால் நல்லது என்று மட்டும் மிஸ் கேட்டுக்கொண்டார்.

ஜூனில் சீருடை வந்தது. சட்டையும் பாவாடையும் ஒரே நீலம் என்று பள்ளிக்கூடம் நம்பிக்கொண்டிருந்தது. இரண்டும் வெவ்வேறு நாள் சாயத்தில் நனைத்தவை என்பது குமரகுருவுக்குப் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். மகள் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்குது, சாமி" என்றார்.

கலர் விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய். அதையும் வாசலில், நல்ல வெயிலில் நின்றுதான் சொன்னார்.