அத்தையின் லைசென்ஸும் ஒரு டம்ளர் தண்ணீரும்

என் அத்தை பேருந்தைத் திருப்பும்போது பூமி சற்று நின்று, வழிவிட்டு, அதன் பிறகுதான் மறுபடி சுற்றும். நம்பாதவர்கள் பணிமனையில் வந்து கேட்டுக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். ஒரு கோழியின் இறகுகூட உதிர்ந்ததில்லை. எதிரே வரும் லாரிகள் அத்தையைப் பார்த்ததும் தாமாகவே விளக்கைத் தாழ்த்திக்கொள்ளும் என்று நான்தான் பரப்பிவிட்டேன். பாதிப் பேர் நம்பியும்விட்டார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் சட்டம் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் காட்டி வண்டியிலிருந்து இறக்கிவிட்டது.

இருபத்திரண்டு வருடம் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் இடுப்பு சும்மா இருக்குமா? டாக்டர் சீட்டு எழுதி, கஞ்சா எண்ணெய் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை படுக்கும் முன் நாக்கில் இரண்டு சொட்டு. ஞாயிறு அத்தைக்கு லீவு. செவ்வாய்க்கிழமை காலை பணிமனையில் எல்லா டிரைவர்களிடமும் சிறுநீர் வாங்கினார்கள். அத்தையுடையதில் கஞ்சா இருந்தது. இருக்கத்தான் செய்யும். போதை தெளிந்த பிறகும் அதன் மிச்சம் பல நாள் உடம்பில் தங்கும். விருந்தாளி மறந்துவிட்டுப் போன குடையைப் பார்த்து, ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று சாதிப்பதற்குப் பெயர் சட்டமாம்.

அதே வரிசையில் நின்றவர் கம்பம். அது அவர் பெயரல்ல, சாதனை. சளி மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டி எடுத்து, இதுவரை மூன்று விளக்குக் கம்பங்களைச் சாய்த்தவர். அன்றும் சுவரில் சாய்ந்து, குப்பியைப் பிடித்தபடியே தூங்கினார். அவருடைய சிறுநீர் சுத்தம். சட்டம் அவரிடம் சாவியைக் கொடுத்து, போய் வாருங்கள் என்றது.

அத்தைக்கு ஒரு வருடம் லைசென்ஸ் ரத்து. மேல்முறையீட்டு அதிகாரி மனம் வைத்தால்தான் மறுபடி ஸ்டியரிங்.

விசாரணை நாளன்று அத்தையை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். துணைக்கு என் சிநேகிதன் ஒருவனும் சைக்கிளில் வந்தான். அதிகாரியின் மேஜை முழுக்க நாடா கட்டிய கோப்புகள். பேனாவைக்கூட நூல் போட்டு மேஜைக் காலில் கட்டியிருந்தார்கள். மனிதர்களை நம்பாத அலுவலகம் குப்பியை மட்டும் எப்படி நம்புகிறதோ!

"சார், போதையில ஓட்டறவன விட்டுடுங்கன்னு நான் சொல்ல வரல. பிடிங்க, உள்ள போடுங்க. ஆனா என் மூத்திரமா சார் ஸ்டியரிங் பிடிக்குது? என் கையைப் பாருங்க, கண்ணைப் பாருங்க" என்றார் அத்தை.

"அதுக்கெல்லாம் ஃபாரத்துல கட்டம் இல்லம்மா."

"கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க சார்."

எங்கள் பணிமனையில் சட்டத்தைவிடப் பழைய பரீட்சை ஒன்று உண்டு. டிரைவர் பக்கத்திலுள்ள இன்ஜின் மூடிமேல் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைப்பார்கள். சிந்தாமல் ஓட்டினால்தான் புது ஆளுக்கு வண்டி. தள்ளாடி வருகிறவனுக்கு அத்தை அந்த டம்ளரைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்வார். போன வருடம் கஞ்சா இழுத்துவிட்டு வந்த ஒருவன் சட்டையை நனைத்துக்கொண்டான்; சாவியைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பியது அத்தைதான். இதையெல்லாம் அத்தை விளக்கியதும், அறையில் மின்விசிறி ஓடாததாலோ என்னவோ, அதிகாரி மைதானத்துக்கு வரச் சம்மதித்தார்.

மதிலுக்குள் பழைய பயிற்சிப் பேருந்து ஒன்று நின்றது. அத்தை தன் பையிலிருந்து டம்ளரை எடுத்துக் கொடுத்தார்; தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. யாரும் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில் இரண்டு விரல் குறைத்தே ஊற்றினேன். அத்தை டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் பாட்டிலைத் திறந்து விளிம்பு வரை நிரப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வளைவுகள், ரிவர்ஸ், கடைசியில் திடீர் பிரேக். அதிகாரி டம்ளரின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது.

தீர்ப்பு எழுத அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிநேகிதனோடு மதிலுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்தேன்.

"நன்றாக ஓட்டினார். இருப்பினும் சிறுநீரில் இருந்தது." இதுதான் தீர்ப்பு. ஒரு வருடம் என்பது ஆறு மாதமாகக் குறைந்தது. அதற்குப் பெயர் கருணை. ஆறு மாதமும் அத்தைக்கு டிக்கெட் கவுண்டர். அத்தையின் வழித்தடம் யாருக்கு? கம்பத்துக்கு. அந்தத் தெரு விளக்குகளை நினைத்து நான் வருந்துகிறேன்.

வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். "ஏறுங்க அத்தை. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க, நான் இருக்கேன்ல!"

அத்தை ஏறவில்லை. பைக்குள்ளிருந்து டம்ளரை எடுத்து, பாட்டிலைச் சாய்த்து விளிம்பு வரை ஊற்றினார்.

"வண்டிய அணை. இதைப் பிடிச்சுக்கிட்டு கேட் வரைக்கும் நடந்துட்டு வா."

"எதுக்கு?"

"சும்மாதான்."

நேராகத்தான் நடந்தேன் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் திரும்பி வந்தபோது செருப்பு நனைந்திருந்தது, டம்ளரில் பாதி இல்லை.

"எத்தனை இழுப்பு?"

"ஒண்ணே ஒண்ணு."

அத்தை டம்ளரைப் பார்த்தார்.

"மூணு" என்றேன்.

"சாவி."

கொடுத்தேன். அவர் ஓட்டக் கூடாது, நான் ஓட்ட முடியாது. ஆனால் ரத்தாகாத லைசென்ஸ் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"தள்ளுடா வண்டிய. நாலு கிலோமீட்டர் தள்ளினா தெளிஞ்சிடும்" என்றார் அத்தை. கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே சொன்னார்: "டம்ளர்ல ரெண்டு விரல் குறைச்சு ஊத்தினியே, அதுக்கு வீட்டுக்குப் போய்த் தனியா இருக்கு."